குருணையிலிருந்து பொட்டலம் வரை: ஒரு பிலிமின் பின்னால் ஒன்பது நாள்

முதல் நாள்: குமிழி

25 கிலோ பிளாஸ்டிக் குருணை மூட்டைகள் அடுக்கிய கிடங்கில் பயணம் தொடங்குகிறது. இந்த ஒன்பது நாளும் பின்தொடரப்போவது ஒரே ஒரு உறையை. வெளியே 12 மைக்ரான் பாலியெஸ்டர், நடுவில் அலுமினியம் பூசிய 12 மைக்ரான் பாலியெஸ்டர், உள்ளே 50 மைக்ரான் பாலித்தீன். ஈரம் பட்டால் கட்டிதட்டிவிடும் தூளை அடைப்பதற்கானது. வெளி அடுக்கு அச்சைத் தாங்கும். நடு அடுக்கு காற்று, ஈரம், ஒளி மூன்றையும் தடுக்கும். உள் அடுக்கு சூட்டில் உருகி வாயை மூடும். உறையின் அகலம் 120 மி.மீ., நீளம் 160 மி.மீ. இந்த இரண்டு எண்களும் கடைசி நாள் வரை கூடவே வரும்.

முதலில் பாலித்தீன். மூட்டையில் இருப்பது ஒரே ரகக் குருணை அல்ல. எல்எல்டிபிஇ (நேர்ச்சங்கிலி குறையடர்த்திப் பாலித்தீன்) 70 முதல் 80 பங்கு, எல்டிபிஇ (கிளைவிட்ட குறையடர்த்திப் பாலித்தீன்) 20 முதல் 30 பங்கு என்பது வழக்கமான கலவை. எல்எல்டிபிஇ கிழிபடாத வலுவையும், சூட்டில் நன்றாக ஒட்டி மூடும் (சீலாகும்) தன்மையையும் தருகிறது. எல்டிபிஇ மூலக்கூறின் நீண்ட கிளைகள் உருகிய நிலையிலும் குமிழியைத் துவளாமல் நிறுத்துகின்றன. எல்டிபிஇயை ஒரேயடியாகக் குறைத்தால் குமிழி காற்றில் ஆடும். கூட்டினால் பிலிம் சுலபமாகக் கிழியும்.

விட்டத்தைப் போல 30 மடங்கு நீளமுள்ள திருகு, 160 டிகிரியில் தொடங்கி 200, 210 வரை சூடேறும் உருளைக்குள் குருணையை உருக்கித் தள்ளுகிறது. இப்படி உருக்கித் தள்ளும் இயந்திரம்தான் எக்ஸ்ட்ரூடர். பாலித்தீன் பிலிமுக்குள்ளேயே உள்ள மூன்று அடுக்குக்கு மூன்று எக்ஸ்ட்ரூடர். உருகல் வெளிவரும் வாயான டைக்கு முன்னால் கம்பிவலை. அங்கே அழுத்தம் மெல்ல மெல்ல ஏறினால் வலையில் கசடு சேர்கிறது என்று பொருள். மாற்றாமல் ஓட்டினால் பிலிமில் மீன்கண் போன்ற புள்ளிகள் விழும்.

டையின் விட்டம் 300 மி.மீ. வட்டமான இடுக்கு வழியே வரும் உருகலைக் காற்று ஊதிப் பெருக்குகிறது. ஊதல் விகிதம் 2.3 என்றால் குமிழியின் விட்டம் 690 மி.மீ. அதை 1.57 ஆல் பெருக்கினால் தட்டையாக மடங்கிய அகலம், ஏறத்தாழ 1083 மி.மீ. ஓரங்களை வெட்டினால் 1060 மி.மீ. அகலத்தில் இரண்டு ரோல் கிடைக்கும். டை இடுக்கு 2 மி.மீ., வேண்டிய தடிமன் 50 மைக்ரான். 2000ஐ 2.3ஆலும் 50ஆலும் வகுத்தால் சுமார் 17. உருகல் நீளவாக்கில் இவ்வளவு மடங்கு இழுபடுகிறது. இடுக்கைக் குறைத்தால் இந்த இழுவை குறையும், ஆனால் எல்எல்டிபிஇ அதிகமுள்ள கலவை இடுக்கின் உதட்டில் உரசி, சுறாவின் தோலைப்போலச் சொரசொரத்துவிடும். அதற்கு ஃபுளோரோபாலிமர் துணைப்பொருளைச் சிறு அளவில் சேர்ப்பார்கள். அது உலோகத்தில் படிந்து வேலை செய்யத் தொடங்கவே சிறிது நேரம் பிடிக்கும். அவசரப்பட்டு அளவைக் கூட்டிக்கொண்டே போகக் கூடாது.

குமிழியில் கண்ணாடித் தெளிவு மங்கலாக மாறும் வட்டக்கோடு உறைகோடு. அது மேலே ஏறினால் பிலிம் மெதுவாக ஆறுகிறது, படிகங்கள் பெரிதாகின்றன, பிலிம் மங்குகிறது. குமிழியின் கதையை இந்த ஒரு கோட்டிலேயே படிக்கலாம். கோடு சாய்ந்திருந்தால், குமிழியைச் சுற்றிக் குளிர்காற்று ஊதும் ஏர் ரிங்கின் ஒரு பக்கம் காற்று குறைவு. ஒரு பக்கம் தடிமன் கூடப்போகிறது.

தடிமனில் 2 மைக்ரான் கூடினால் என்ன வந்துவிடும்? ரோலில் 2000 சுற்று இருந்தால், அந்த 2 மைக்ரான் ஒரே இடத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி 4 மி.மீ. மேடாகிறது. மேட்டின் மேல் பிலிம் இழுபடுகிறது. பிரித்தால் அந்த இடம் மட்டும் தொளதொளவென்று தொங்கும். அப்படித் தொங்கும் பிலிமை, அடுக்குகளைப் பசையால் ஒட்டும் லேமினேஷனில் எவ்வளவு இறுக்கினாலும் சுருக்கம் போகாது. இதனால்தான் குமிழியை மேலே பிடித்திழுக்கும் பகுதி மெதுவாக இருபுறமும் திரும்பிக்கொண்டே இருக்கிறது. மேட்டை அது நீக்குவதில்லை, ரோல் முழுதும் பரப்பிவிடுகிறது.

கடைசியாக கொரோனா எனும் மின்பொறிச் சிகிச்சை. சிகிச்சை இல்லாத பாலித்தீனின் மேற்பரப்பு இழுவிசை சுமார் 31 டைன். அதில் மையோ பசையோ பரவாது, முத்து முத்தாகத் திரண்டுவிடும். மின்பொறி பாய்ச்சி 38க்கு மேல், லேமினேஷனுக்கு 40 வரை ஏற்ற வேண்டும். சோதிக்க, இழுவிசை தெரிந்த டைன் திரவத்தைத் தடவி இரண்டு வினாடி திரளாமல் நிற்கிறதா என்று பார்த்தால் போதும். ஆனால் சோதனை ரோல் வந்த நாளில் மட்டும் போதாது. வழுக்கலுக்காகச் சேர்த்த எருக்கமைடு ஓரிரு நாளில் மேற்பரப்புக்கு ஊறி வரும்போது டைன் அளவு இறங்கும். பயன்படுத்தும் நாளில் மறுபடி தடவிப் பார்ப்பதே சரி.

இரண்டாம் நாள்: இழுவை

பாலியெஸ்டர் கூடத்தில் குமிழி இல்லை. நீண்ட மண்டபம் முழுதும் ஒரே இயந்திரம்.

பாலியெஸ்டர் சில்லுகளை உருக்குவதற்கு முன் 160, 170 டிகிரியில் பல மணி நேரம் உலர்த்துகிறார்கள். ஈரம் பத்து லட்சத்தில் 50 பங்குக்குக் கீழே இறங்க வேண்டும். 280 டிகிரியில் மிச்ச ஈரம் சங்கிலி மூலக்கூறுகளை வெட்டும். வெட்டுப்பட்ட உருகல் நீர்த்துப்போய் இழுக்கும்போது அறுந்துவிடும். சறுக்கல் உலர்த்தியில் நடக்கும், அறுபடுவது 50 மீட்டர் தள்ளி இருக்கும் அடுப்புக்குள். அங்கே தேடினால் காரணம் கிடைக்காது.

உருகல் தட்டையான டை வழியாகக் குளிர் உருளையில் விழுகிறது. மின்னேற்றிய மெல்லிய கம்பி அதை உருளையோடு ஒட்டவைக்கிறது. உறைந்த தகட்டின் தடிமன் சுமார் 150 மைக்ரான். மெதுவாகச் சுற்றும் உருளையிலிருந்து வேகமாகச் சுற்றும் உருளைக்குப் போகும்போது நீளவாக்கில் 3.3 மடங்கு இழுபடுகிறது. பிறகு இரு ஓரங்களையும் கிளிப்புகள் கவ்விக்கொண்டு, அகலும் தண்டவாளத்தில் அடுப்புக்குள் போகின்றன. அகலவாக்கில் 3.8 மடங்கு. இரண்டையும் பெருக்கினால் 12.5, தடிமன் 12 மைக்ரானுக்கு வந்து நிற்கிறது. பாலிப்ராப்பிலீனில் இந்த இழுவை இன்னும் கடுமை. நீளத்தில் 5, அகலத்தில் 9, ஆக 45 மடங்கு. 20 மைக்ரான் பிஓபிபிக்கு (இருவாக்கிலும் இழுத்த பாலிப்ராப்பிலீன்) 900 மைக்ரான் தகடு ஊற்ற வேண்டும்.

இழுத்த பாலியெஸ்டரை 220, 230 டிகிரியில் சூட்டுநிலைப்படுத்துகிறார்கள். இந்தக் கட்டம் சரியில்லாவிட்டால் பிலிம் பின்னால் சூடு கண்ட இடமெல்லாம் சுருங்கும்.

ஓரம், நடு என்ற வித்தியாசம் இங்கே உண்டு. கிளிப் பிடித்த ஓரங்கள் முன்னே போக, நடுப்பகுதி சற்றுப் பின்தங்கி வில்லாக வளைகிறது. பல மீட்டர் அகலமுள்ள தாய் ரோலின் ஓரத்திலிருந்து வெட்டிய பிலிமில் மூலக்கூறுகள் சாய்வாக அடுக்கியிருக்கும். அதிலிருந்து செய்த பவுச் மூலைக்கு மூலை முறுக்கிக்கொள்ளும். லேமினேஷன் ஆளைக் குறை சொல்லிப் பயனில்லை. ரோல் சீட்டில் தாய் ரோலின் எந்தப் பகுதி என்ற எண் இருக்கும். அதைக் குறித்து வைத்துக்கொள்ளும் வழக்கம் பெரிய சண்டைகளைத் தவிர்க்கும்.

மூன்றாம் நாள்: வெற்றிடம்

இன்றைக்கு எழுத அதிகம் இல்லை. வேலையெல்லாம் மூடிய இரும்புக் கலனுக்குள் நடக்கிறது, சிறு கண்ணாடி வழியே ஒளி மட்டும் தெரியும்.

கலனுக்குள் அழுத்தம் வளிமண்டலத்தில் ஒரு கோடியில் ஒரு பங்கு அளவுக்கு இறங்குகிறது. மின்சாரத்தால் 1400, 1500 டிகிரிக்குச் சூடேறிய பீங்கான் தொட்டிகளில் அலுமினியக் கம்பி ஊட்டப்பட்டு ஆவியாகிறது. குளிரூட்டிய உருளையைத் தழுவியபடி விரையும் பிலிமில் ஆவி படிகிறது. படிவின் தடிமன் சுமார் 40 நானோமீட்டர். பிலிம் அதைவிட 300 மடங்கு தடிமன். இந்தக் கண்ணுக்கெட்டாத படிவு, 12 மைக்ரான் பாலியெஸ்டர் வழியே ஒரு சதுர மீட்டரில் ஒரு நாளைக்கு 100 கன சென்டிமீட்டருக்கு மேல் கசியும் ஆக்சிஜனை ஏறக்குறைய 1 அளவுக்கு இறக்கிவிடுகிறது.

படிவை ஒளி அடர்த்தியால் அளக்கிறார்கள். 2.2 என்றால் ஒளியில் 0.63 சதவீதம்தான் ஊடுருவுகிறது. அளவீடு நன்றாக இருந்தும் தடுப்பு மோசமாகலாம். தொட்டி கொதித்து உலோகத்துளி தெறித்தால் பிலிமில் ஊசித்துளைகள் விழும், சராசரி அடர்த்தி அதைக் காட்டாது. விளக்குமேசையில் விரித்து எண்ணித்தான் பார்க்க வேண்டும். இன்னொன்று, படிவு உலோகம், பிலிம் பிளாஸ்டிக். இரண்டு சதவீதம் இழுத்தாலே படிவில் விரிசல் விடும். இனி வரும் ஒவ்வொரு இயந்திரத்திலும் இழுவிசையை மனம்போலத் திருகாமலிருக்க இது ஒன்றே போதுமான காரணம்.

நான்காம் நாள்: அச்சு

குழி பொறித்த சிலிண்டரால் அச்சிடும் கிராவூர் கூடத்தில் முதலில் மூக்கில் ஏறுவது எத்தில் அசிட்டேட்டின் இனித்த வாடை. நிறத்துக்கொரு சிலிண்டர். எஃகின் மேல் செம்பு, செம்பில் சென்டிமீட்டருக்கு 70 கோடு வீதம் குழிகள், அதன் மேல் 6 முதல் 8 மைக்ரான் குரோமியம். சுற்றளவு உறை நீளத்தின் மடங்காக இருக்க வேண்டும். 160 மி.மீ. உறைக்கு 640 மி.மீ. சிலிண்டர், ஒரு சுற்றுக்கு நான்கு உறை. அகலத்தில் 260 மி.மீ. வீதம் நான்கு வரிசை, இரு பக்கமும் 10 மி.மீ. ஓரம், மொத்தம் 1060.

அச்சு பிலிமின் உட்புறத்தில் விழுகிறது. எழுத்து கண்ணாடியில் பார்ப்பதுபோலத் திரும்பியிருக்கும், வெள்ளை கடைசியில் வரும். பாலியெஸ்டரே அச்சுக்குக் கவசம் ஆகிவிடுவதால் தேய்ந்து போகாது.

இங்கே எந்நேரமும் கவனிக்க வேண்டியது மையின் நீர்மை. கோப்பையில் அள்ளி அடித்துளை வழியே வடியவிட்டு வினாடியை எண்ணுகிறார்கள். 16 முதல் 18 வினாடி பொதுவான இலக்கு. மையை இளக்கும் சால்வென்ட் (கரைப்பான்) ஆவியாக ஆவியாக மை கெட்டியாகும், குழியிலிருந்து முழுதாக எழும்பாது, மெல்லிய நிறங்களில் புள்ளி விடுபடும். நிறம் ஏறிவிட்டதென்று ஒரேயடியாக சால்வென்ட்டை ஊற்றினால் பத்தே நிமிடத்தில் நிறம் வெளிறும். சிறிது சிறிதாக, அடிக்கடி.

பிலிமில் முடிவில்லாத ஒற்றைக் கோடு ஓடினால், சிலிண்டரில் மிகுந்த மையை வழிக்கும் டாக்டர் பிளேடின் அடியில் துகள் மாட்டியிருக்கிறது. பிளேடு பக்கவாட்டில் ஆடிக்கொண்டே இருப்பது அதைத் தள்ளிவிடத்தான். ஆட்டம் நின்றிருந்தால் கோடு அதே இடத்தில் நிற்கும். அப்போது துகளை மட்டும் எடுத்துவிட்டு ஓட்டக் கூடாது, குரோமியத்தில் கீறல் விழுந்திருக்கிறதா என்று விரல்நகத்தால் தடவிப் பார்க்க வேண்டும்.

உலர்த்தும் காற்றை மிகச் சூடாக வைப்பது பலர் செய்யும் பிழை. மேல்தோல் முதலில் காய்ந்து, அடியில் உள்ள சால்வென்ட் சிறைப்படும். இரண்டு வாரம் கழித்து உறையைத் திறப்பவருக்கு அந்த வாடை வரும். பத்து பத்து சென்டிமீட்டர் துண்டுகளை மூடிய குடுவையில் சூடாக்கி வாயு குரோமட்டோகிராஃபில் அளக்கிறார்கள். மொத்தம் சதுர மீட்டருக்கு 10 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது பரவலான வரம்பு. இதில் மிச்சமிருக்கும் ஆல்கஹால் வாடையோடு நிற்பதில்லை. அது நாளைய பசையையும் கெடுக்கும்.

ஐந்தாம் நாள்: ஒட்டு

சால்வென்ட் இல்லாப் பசை இரண்டு பகுதி. ஐசோசயனேட் ஒரு தொட்டி, பாலியால் மற்றொன்று. இரண்டும் கலந்தபின் 20, 30 நிமிடத்தில் கெட்டியாகத் தொடங்கும். சூடான உருளைகள் அதைச் சதுர மீட்டருக்கு 1.5 முதல் 2 கிராம் வரை மெல்லிய படலமாகத் தேய்க்கின்றன. முதல் சுற்றில் அச்சிட்ட பாலியெஸ்டரின் மை முகமும் அலுமினிய முகமும் சேர்கின்றன. இரண்டாவது சுற்றில் பாலித்தீன்.

இங்கே பசையின் அளவைவிடக் கலவை விகிதமே முக்கியம் என்பது எங்கள் உறுதியான கருத்து. அளவு குறைந்தால் சோதனையில் உடனே தெரியும். விகிதம் பிசகினால் தெரியாது. ஐசோசயனேட் குறைந்தால் பசை என்றைக்கும் பிசுபிசுப்பாகவே இருக்கும். கூடினால் கெட்டித்து நொறுங்கும், மிஞ்சியது ஈரத்தோடு வினைபுரிந்து கார்பன் டை ஆக்சைடு குமிழ்களை விடும். ஒவ்வொரு ஷிப்டிலும் இரு குழாய்களையும் தனித்தனிக் கோப்பையில் பிடித்து எடைபோடுவதுதான் ஒரே காவல். ஐந்து நிமிட வேலை. மையில் தங்கிய ஆல்கஹாலும் பாலியாலைப் போலவே ஐசோசயனேட்டைப் பிடித்துக்கொள்கிறது. விகிதம் சரியாக இருந்தும் பசை இறுகாததற்கு நேற்றைய உலர்த்தி காரணமாக இருக்கலாம்.

அடுத்தது இழுவிசை. பாலித்தீன் நெகிழ்வது, பாலியெஸ்டர் நெகிழாதது. பாலித்தீனை ஒரு சதவீதம் நீட்டி ஒட்டிவிட்டால், ஒட்டியபின் அது பழைய நீளத்துக்குத் திரும்பப் பார்க்கும். லேமினேட் பாலித்தீன் பக்கமாகச் சுருளும். பசை இன்னும் இளகியிருந்தால் பாலியெஸ்டர் மேலே எழும்பி, குறுக்கே எலிவளைபோலச் சுரங்கம் ஓடும். இயந்திரத்தை நிறுத்தியதும் ரோலில் பத்து சென்டிமீட்டர் பெருக்கல்குறி ஒன்றை வெட்ட வேண்டும். நான்கு நுனியும் படுத்திருந்தால் நல்லது. உள்ளே சுருண்டால் பாலித்தீனின் பிரேக்கைத் தளர்த்த வேண்டும், வெளியே சுருண்டால் பாலியெஸ்டரின் பிரேக்கை.

ஆறாம் நாள்: காத்திருப்பு

40, 45 டிகிரி அறையில் ரோல்கள் சும்மா தொங்குகின்றன. ஒட்டு உறுதி ஓரிரு நாளில் வந்துவிடும். உணவுக்கான உறையென்றால் அதோடு அவசரப்படக் கூடாது. வினைபுரியாத அரோமாட்டிக் ஐசோசயனேட் ஈரத்தோடு சேர்ந்து அமீன்களாக மாறி உணவுக்குள் ஊறும். அவை இற்றுப்போக எத்தனை நாள் என்று பசை தயாரிப்பாளரின் தாளில் இருக்கும். அந்த நாளை யாரும் குறைக்கக் கூடாது, லாரி வாசலில் நின்றாலும்.

ஏழாம் நாள்: வெட்டு

1060 மி.மீ. ரோல் 260 மி.மீ. வீதம் நான்காகிறது. பிலிம் சுற்றும் நடுக்குழலான கோரின் வெளிவிட்டம் 92 மி.மீ., ரோலின் விட்டம் 400 மி.மீ., லேமினேட்டின் தடிமன் மையும் பசையும் சேர்த்து 80 மைக்ரான் என்றால் நீளம் சுமார் 1487 மீட்டர். 160 மி.மீ. வீதம் ஏறத்தாழ 9,300 உறை. சதுர மீட்டருக்கு 86 கிராம் என்பதால் எடை 33 கிலோ. மீட்டர் எண்ணி காட்டும் நீளமும் எடையும் ஒத்துப்போகாவிட்டால் தடிமனில் எங்கோ தவறு நேர்ந்திருக்கிறது.

சுற்றும் இறுக்கத்தை ரோல் பெருக்கப் பெருக்கக் குறைத்துக்கொண்டே வர வேண்டும். கடைசிவரை ஒரே இறுக்கமென்றால் வெளிச்சுற்று உள்சுற்றை நசுக்கும், கோரையொட்டி நட்சத்திர மடிப்பு விழும். தொடக்கத்திலேயே தளர்த்தினால் ரோலைத் தூக்கும்போது தொலைநோக்கிக் குழல்போல நழுவி நீளும். மழுங்கிய கத்தி வெட்டிய ஓரத்தில் கண்ணுக்குத் தெரியாத பிசிறு இருக்கும். பொட்டல இயந்திரத்தில் அதுதான் கிழிசலின் தொடக்கப் புள்ளி.

எட்டாம் நாள்: பொட்டலம்

செங்குத்துப் பொட்டல இயந்திரத்தில் 260 மி.மீ. பிலிம் தோள்போன்ற காலரின் மேல் ஏறிக் குழாயாகச் சுருள்கிறது. 120ஐ இரண்டால் பெருக்கிய 240, முதுகுச்சீலுக்கு இரு பக்கமும் பத்துப் பத்து. உறையின் எல்லை காட்டும் அச்சுக்குறியான ஐ-மார்க்கை ஒளிக்கண் பார்த்ததும் இழுவை நிற்கிறது, சூடான தாடைகளான குறுக்கு ஜாக்கள் கவ்வுகின்றன, நடுவில் கத்தி. நிமிடத்துக்கு 60 உறை என்றால் சீலுக்குக் கிடைப்பது அரை வினாடிக்கும் குறைவு. 9,300 உறைகளின் ரோல் இரண்டரை மணி நேரத்தில் தீர்ந்துவிடும்.

சூடு, அழுத்தம், நேரம் மூன்றும் சேர்ந்ததே சீல். வேகத்தைக் கூட்டினால் நேரம் குறையும், அதற்கு ஈடாகச் சூடு ஏற வேண்டும். பாலியெஸ்டர் 255 டிகிரியில்தான் உருகும் என்பதால் 150, 170 டிகிரி ஜாவை அது தாங்கிக்கொள்கிறது.

கசிவு பெரும்பாலும் ஒரே இடத்தில். முதுகுச்சீல் மடங்கிக் குறுக்குச்சீலைச் சந்திக்கும் முனையில் நான்கு அடுக்கு, 320 மைக்ரான். பக்கத்தில் இரண்டே அடுக்கு, 160. அந்தப் படியின் அடியில் முடியளவு வாய்க்கால் திறந்திருக்கும். உருகிய பாலித்தீன் ஓடிவந்து அதை நிரப்ப வேண்டும். செலவைக் குறைக்க 50 மைக்ரானை 35 ஆக்கும்போது முதலில் கசிவது இந்த முனைதான்.

நீர்த்தொட்டியில் உறையை மூழ்கடித்து வெற்றிடம் இழுத்தால் குமிழ் எழும் இடம் தெரியும். அதைவிட அதிகம் சொல்வது சீல் பிரிந்த விதம். 15 மி.மீ. பட்டையாக வெட்டிக் கையால் பிரித்துப் பாருங்கள். பாலித்தீனும் பாலித்தீனும் சுத்தமாகக் கழன்றால் சூடு போதவில்லை, அல்லது தூள் புகுந்தது, அல்லது முதல் நாளின் கொரோனா தவறுதலாக உட்புறத்திலும் பட்டிருக்கிறது. பாலித்தீன் அப்படியே இருந்து நடுப் பாலியெஸ்டரிலிருந்து உரிந்தால் ஐந்தாம் நாளின் பசை. பளபளப்பு முழுதும் ஒரு பக்கத்துக்கு இடம்மாறி, மறுபக்கம் தெளிந்த பாலியெஸ்டர் தெரிந்தால் மூன்றாம் நாளின் படிவு. சீலின் உள்விளிம்பில் பிலிமே அறுந்தால் ஜா சூடு மிகுந்து பாலித்தீனைப் பிழிந்து மெலித்துவிட்டது. இயந்திரக்காரர் பாவம், நான்குக்கும் சூட்டைத்தான் கூட்டிப் பார்க்கிறார். நான்கில் ஒன்றின் ஒரு பகுதிக்குத்தான் அது மருந்து.

ஒன்பதாம் நாள்: மிச்சம்

உறை வெறுமையானபின் என்ன? பாலித்தீன் உருகும் சூட்டில் பாலியெஸ்டர் உருகாது. பாலியெஸ்டர் உருகும் சூட்டில் மையும் பசையும் கருகும். பசை இறுகியபின் அடுக்குகளைப் பிரிக்க எளிய வழியும் இல்லை. இவ்வளவு நுணுக்கமாக ஒட்டவைத்ததே அதைப் பிரிக்கவிடாமல் செய்கிறது. இது இந்தத் தொழில் பார்த்துத் தீர வேண்டிய கடன்.

இப்போது நடக்கும் மாற்றம், மூன்று அடுக்கையும் ஒரே குடும்பத்துக்குள் கொண்டுவருவது. வெளியே நீளவாக்கில் இழுத்த விறைப்பான பாலித்தீன், உள்ளே சாதா பாலித்தீன், தடுப்புக்கு மெல்லிய ஈவிஓஎச் (எத்திலீன் வினைல் ஆல்கஹால் பிளாஸ்டிக்) அல்லது உலோகப் படிவு. ஈவிஓஎச் ஆக்சிஜனை நன்றாகத் தடுக்கும், ஈரம் ஏறினால் சோர்ந்துவிடும். அதனால் அதை இரு பாலித்தீனுக்கு நடுவே பொதிக்க வேண்டும்.

உருவாக்குவது முடிகிறது, ஓட்டுவதுதான் கடினம். வெளிப்பாலித்தீன் 130 டிகிரிக்கருகே உருகிவிடும். 170 டிகிரி ஜா அதன்மேல் பட்டால் ஒட்டிக்கொண்டு கிழிந்து வரும். 100 டிகிரிக்குக் கீழேயே சீலாகத் தொடங்கும், மெட்டலோசீன் வினையூக்கியால் செய்த பாலித்தீன் ரகம் உள்ளடுக்கில் வேண்டும். அப்படியும் வேலைசெய்யக் கிடைப்பது 20, 25 டிகிரி இடைவெளி. பழைய லேமினேட்டில் ஜாவின் ஒரு முனைக்கும் மறுமுனைக்கும் 15 டிகிரி வித்தியாசம் இருந்தும் யாருக்கும் தெரியாமல் ஓடியிருக்கும். புது ரோலை மாட்டும் முன், ஜாவைச் சூடாக்கி அரை மணி நேரம் விட்டு, தொடுவெப்பமானியால் முன் ஜாவில் மூன்று இடம், பின் ஜாவில் மூன்று இடம் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். ஆறு எண்களுக்கும் நடுவே 5 டிகிரிக்கு மேல் வித்தியாசம் இருந்தால் ஹீட்டரையும் சென்சார் பொருந்திய குழியையும் சரிபார்த்த பிறகே பிலிமை ஏற்றுங்கள்.